நன்னீர் ஆய்வாளரின் களப்பெட்டி: எதில் பணம் போடலாம், எதை விடலாம்

ஏரி, ஓடை ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்கும், முதல் நிதி கிடைத்துப் புது ஆய்வகம் போடும் உதவிப் பேராசிரியருக்கும் கருவி விற்பவர்கள் நீட்டும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். பல அளவுகளை ஒரே சமயத்தில் காட்டும் மீட்டர், ஆழத்து நீரை எடுக்கும் குழாய், மிதவை உயிரி வலை, ஓடைப் பூச்சி வலை, செக்கி தட்டு. வாங்குகிறவர் கண் 'துல்லியம்' என்ற கட்டத்துக்குத்தான் முதலில் போகும். இந்த மதிப்பீட்டின் கணக்கு வேறு. முப்பது வருடப் பணியில் மீட்டர் பலமுறை மாறும், ஏரி அதேதான். முதல் வருட எண்ணையும் கடைசி வருட எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியுமா? மதிப்பெண் அதற்கு மட்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் பட்டியலிலேயே மலிவான சாமானான செக்கி தட்டுக்கு. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டை இறக்கிக் கடல்நீரின் தெளிவை அளந்தார். 1899-இல் அமெரிக்க நீர் ஆய்வாளர் ஜார்ஜ் விப்பிள் அதைக் கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்களாக்கினார். ஏரிக்கு இன்றும் அதே வடிவம்தான், 20 சென்டிமீட்டர் விட்டம். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1968 முதல் தொடர்ந்து தட்டு இறக்குகிறார்கள். அன்றைய ஆண்டுச் சராசரி 31 மீட்டர். 2017-இல் 18 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. இரண்டு எண்களையும் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒரே வரைபடத்தில் போடலாம். எந்த மின்னணு சென்சாராலும் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

தட்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பூச்சு பளபளக்கக் கூடாது, மங்கலாக இருக்க வேண்டும். வெள்ளைப் பகுதி மஞ்சளடித்தால் மறுபடி பூசவும். எடை போதாவிட்டால் காற்றில் படகு நகரும்போது கயிறு சாய்ந்து, ஆழம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அடியில் எடை கோக்க ஒரு கொக்கி இருக்கிறதா பாருங்கள். கடையில் கூடவே தரும் நைலான் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம், நனைந்தால் நீளும். நீளாத பாலியெஸ்டர் கயிறோ கண்ணாடியிழை நாடாவோ போதும். குறிகளை, கயிற்றை நனைத்து, தட்டைத் தொங்கவிட்டபடியே போட வேண்டும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தரையில் விரித்து ஒருமுறை சரிபார்க்கவும்.

அளப்பது காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல். மறையும் ஆழம், மேலே இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. தட்டு தரையில் உட்கார்ந்தும் தெரிந்தால் 'அடி தெரிந்தது' என்று எழுத வேண்டும். அடியின் ஆழத்தையே தெளிவாகப் பதிந்துவிட்டு, பிறகு ஏரி பல வருடமாக மாறவே இல்லை என்று முடிவு கட்டிய பதிவுகள் உண்டு. அமெரிக்க ஏரி ஆய்வாளர் கார்ல்சன் 1977-இல் தந்த ஊட்டநிலைக் குறியீடு (ஏரியில் பாசி எவ்வளவு பெருகியிருக்கிறது என்று காட்டும் எண்) இந்த ஆழத்திலிருந்தே வரும்: மீட்டர் கணக்கில் எழுதிய தெளிவு ஆழத்தின் இயல் மடக்கையை 14.41-ஆல் பெருக்கி 60-இலிருந்து கழிக்க வேண்டும். 1 மீட்டருக்கு 60, 2 மீட்டருக்கு 50, 4 மீட்டருக்கு 40. நீரைக் கலக்குவது பாசியாக இருந்தால்தான் இது பொருந்தும். வண்டல் கலந்த ஏரியிலும், இலைச்சாறு ஊறித் தேநீர் நிறத்தில் நிற்கும் நீரிலும் குறியீடு ஏமாற்றும். ஓடைக்குத் தட்டு உதவாது. 60 அல்லது 120 சென்டிமீட்டர் தெளிவுக்குழாய் வாங்கிக்கொள்ளவும்.

அடுத்தது மீட்டர். இதில் காசு போகுமிடம் கரைந்த ஆக்ஸிஜன் சென்சார். பழைய சவ்வு வகை, ஆக்ஸிஜனைத் தானே தின்றுதான் அளக்கும். புரோபை (நீரில் இறக்கும் சென்சார் முனையை) அசைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சவ்வை ஒட்டிய நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து எண் இறங்கும். இதிலேயே போலரோகிராபிக் (வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து அளக்கும்) ரகத்துக்கு சுவிட்ச் போட்டபின் 10 முதல் 15 நிமிடம் காத்திருப்பும் உண்டு. ஏரியடியில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் எலக்ட்ரோடு கெடும். ஆப்டிகல் வகையில் நீல ஒளிபட்டு ஒளிரும் சாயத்தின் ஒளிர்வை ஆக்ஸிஜன் எவ்வளவு சீக்கிரம் அணைக்கிறது என்பதே அளவு. அசைக்க வேண்டியதில்லை, சல்பைடு தொல்லையும் இல்லை. புதிதாக வாங்குபவர் யோசிக்காமல் ஆப்டிகலுக்குப் போகலாம்.

ஆனால் செலவு அத்தோடு முடிவதில்லை. சாயம் பூசிய தொப்பியை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெட்டியிலேயே கிடந்தாலும் அது மூப்படையும். நிதி விண்ணப்பத்தில் மீட்டரை எழுதிவிட்டுத் தொப்பியை எழுத மறந்தால் மூன்றாம் வருடம் கையைப் பிசைய வேண்டியதுதான். சென்சார் கொஞ்சம் நிதானப் பேர்வழி என்பதையும் கவனிக்க வேண்டும். ஆழம் ஒரு மீட்டர் கூடுவதற்குள் வெப்பநிலை 1 டிகிரிக்கு மேல் விழும் இடைப்படலத்தில் ஒவ்வொரு ஆழத்திலும் எண் நிலைக்கும்வரை நிறுத்த வேண்டும். அவசரமாக இறக்கினால் மேல்நீரின் ஆக்ஸிஜன் கீழ்நீருக்குக் கணக்காகும்.

காலிபரேஷனில், அதாவது தெரிந்த அளவோடு மீட்டரைப் பொருத்துவதில்தான், பெரும்பாலான தவறுகள். சென்சாரை மூடும் உறைக்குள் ஈரப் பஞ்சு, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து வெளிக்காற்றோடு அழுத்தம் சமமாக விடுவது, வெயில் படாத இடம், 10 நிமிடப் பொறுமை, தொப்பியின் முகத்தில் ஒரு துளி நீரும் நிற்காமல் துடைப்பது. இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, காற்றழுத்தத்தை வானிலை அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டுக் கெடுப்பவர்கள் அநேகம். அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம், மீட்டருக்கு வேண்டியது நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தம். 1000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 674 மில்லிமீட்டர் பாதரசம்தான். 760 என்று போட்டால் 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டிய இடத்தில் 9.09 காட்டும். எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில் ஏறிவிடுவதால் வரைபடத்தைப் பார்த்து யாராலும் சந்தேகிக்க முடியாது. உள்ளேயே பாரோமீட்டர் உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான். அந்தப் பாரோமீட்டரையும் வருடம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சுழியையும் சோதிக்கவும். லிட்டருக்கு 2 கிராம் சோடியம் சல்பைட் கரைத்த நீரில் எண் சுழிக்கருகே வராவிட்டால் தொப்பி முடிந்தது. மாதம் ஒருமுறை 1888-இல் வந்த, ஆக்ஸிஜனை வேதிப்பொருளால் அளக்கும் விங்க்ளர் முறையோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது: 300 மில்லி பாட்டிலைக் குமிழியில்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு அசைடு 1 மில்லி, படிவு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி. அதில் 201 மில்லியை எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்தால் (நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால்), செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்ஸிஜன். படிவு பழுப்பாக வராமல் வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்ஸிஜன் இல்லை. அசைடு நச்சு, மீதிக் கரைசலை அமிலத்தோடு கலந்து தொட்டியில் ஊற்றக் கூடாது.

கேபிள் நீளத்தில் சிக்கனம் வேண்டாம். 18 மீட்டர் ஆழ ஏரிக்கு 10 மீட்டர் கேபிள் என்றால், ஆக்ஸிஜன் தீர்ந்து பாஸ்பரஸ் வெளிவரும் அடிநீர் ஆய்வேட்டிலேயே வராது.

மற்ற சென்சார்களில் மின்கடத்துத்திறன் நம்பகமானது. 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணையும் திருத்தாத எண்ணையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதுதான் அதில் வழக்கமான குளறுபடி. டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும் என்பதால் குளிர்கால எண்கள் மொத்தமும் கோணலாகிவிடும். பிஎச் எலக்ட்ரோடை இரண்டாவதாக வாங்கிச் சேமித்து வைக்காதீர்கள், பெட்டியிலேயே வயதாகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவதும் தவறு, அதற்குரிய பொட்டாசியம் குளோரைடு கரைசலே வேண்டும். பிஎச் தெரிந்த பஃபர் கரைசல்கள் 4, 7, 10 இவற்றில் சரிவு, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு மாறும் மின்னழுத்தம், 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 55-க்குக் கீழே போனால் மாற்றும் காலம். உப்பு மிகக் குறைந்த மலையோடைகளில் நல்ல எலக்ட்ரோடுகூட நிலைக்கப் பல நிமிடம் எடுக்கும்.

குளோரோபில் சென்சார்? முதல் வாங்கலில் விடலாம். கடும் வெயிலில் பாசி தன் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். நண்பகலில் மேற்பரப்பில் பாசியே இல்லாததுபோல் எண் விழும், உண்மையில் அங்கேதான் அது மண்டியிருக்கலாம். அந்தப் பணத்தில் 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளும் 90 சதவீத அசிட்டோனும் வாங்கலாம். வடிதாள் இளம்பச்சையாகும்வரை நீரை வடித்து, மடித்து, இருட்டில் உறையவைத்துப் பிறகு அசிட்டோனில் ஊறவைத்து அளந்த எண் எந்தக் கருவியோடும் ஒப்பிடத் தகும்.

நீர்மாதிரிக் குழாயில் பெரிய வித்தியாசமில்லை. மெல்லிய அடுக்கிலிருந்தோ சேற்றுக்குச் சற்று மேலிருந்தோ நீர் வேண்டுமென்றால் கிடைமட்ட வான் டோர்ன் (வேண்டிய ஆழத்தில் இரு முனையும் மூடிக்கொள்ளும் குழாய்), மற்றதற்குச் செங்குத்து. ரப்பர் நாண் வெயிலில் வெடிக்கும். மாற்று நாண் கையில் இருக்கட்டும்.

மிதவை உயிரிக்கு 30 சென்டிமீட்டர் வாய், 63 மைக்ரான் கண்ணி (வலைத்துளை) உள்ள வலை. 10 மீட்டர் இழுத்தால் கணக்குப்படி 707 லிட்டர். பாசி பூத்த சமயத்தில் கண்ணி அடைத்து நீர் வாய்க்கு வெளியே ஒதுங்கும், எண்ணிக்கை குறைவாக வரும். பூத்த ஏரியில் உயிரிகள் குறைந்தன என்று எழுதுவதற்கு முன் வலையைச் சந்தேகிக்கவும். வாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது நீளமுள்ள வலை, வினாடிக்கு அரை மீட்டர் இழுவை, வாயில் ஓட்டமானி இருந்தால் தீர்ந்தது.

ஓடைப் பூச்சிக்கு சர்பர் வலை. 30-க்கு 30 சென்டிமீட்டர் சட்டம், அதாவது 0.09 சதுர மீட்டர். ஆழம் 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் பூச்சிகள் மேலாக ஓடிவிடும். சட்டத்துக்கும் கற்களுக்கும் இடையே சந்து விழும், அடியில் ஸ்பாஞ்சு பட்டை வைத்த மாடலைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய கற்களை வலைவாயில் தேய்த்துக் கழுவியபின், சரளையை 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் குறித்த நேரம் கிளற வேண்டும். அந்த நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். ஆழத்தையும் நேரத்தையும்விடப் பெரிய முடிவு கண்ணி. 500 மைக்ரானில் சிறு கைரோனமிட் (கொசுபோன்ற, கடிக்காத பூச்சி) புழுக்கள் நழுவிவிடும், 250-இல் நிற்கும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எடுத்ததை ஓய்வு பெறும்வரை மாற்றக் கூடாது. நடுவில் மாற்றினால் பூச்சி பெருகியதா கண்ணி சிறுத்ததா என்று பிரிக்க வழியில்லை.

மாற்றியே தீர வேண்டிய கருவிக்கும் ஒரு முறை உண்டு. பழைய மீட்டர் சாகும்வரை காத்திராமல், அது ஓடும்போதே புதியதை வாங்கி, இரண்டையும் ஒரு வருடம் ஒரே ஆழங்களில் சேர்த்து இறக்கி வித்தியாசத்தைப் பதிய வேண்டும். கனடாவின் பரிசோதனை ஏரிகள் பகுதியில் 227-ஆம் எண் ஏரிக்கு 1969 முதல் உரமிட்டு அளக்கிறார்கள்; அந்தப் பதிவு எந்த ஒரு விஞ்ஞானியின் பணிக்காலத்தையும் தாண்டியது. இதுபோன்ற தொடரில் சேருபவருக்கு முன்னவரின் மீட்டர் தேவையில்லை, அவருடைய ஒப்பீட்டு எண்கள் தேவை. இந்தச் செலவை விண்ணப்பத்தில் தனி வரியாகவே கேட்கலாம்.

கடைசியாக, நீர்புகாத் தாள் நோட்டும் பென்சிலும். மீட்டரின் வரிசை எண், தொப்பி மாற்றிய தேதி, காலிபரேஷன் நேரக் காற்றழுத்தம், கண்ணி அளவு, கயிறு சரிபார்த்த நாள் எல்லாம் அதில் ஏற வேண்டும். பூச்சிப் பாட்டிலில் 95 சதவீத எத்தனால் ஊற்றி, ஒரு நாளில் வடித்துப் புதிதாக மாற்றவும், உடல்நீரும் ஓடைநீரும் கலந்து முதல் ஊற்று நீர்த்துவிடும். சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே மார்க்கரில் எழுதினால் எத்தனால் சொட்டும் முதல் நாளிலேயே ஓடையின் பெயர் அழிந்துவிடும்.