அடோ யானைச் சுற்றுலா: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், பயிற்சித்தாளுக்குச் சிவப்பு மை

தென்னாப்பிரிக்காவில், கெபேகா நகரின் (போர்ட் எலிசபெத் என்றால்தான் இன்னும் பலருக்குப் புரிகிறது) மலபார் பகுதியில் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். சென்ற மாதம் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அடோ யானைகள் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். கெபேகா பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பும் ஒரு தனியார் கம்பெனியின் 'யானைப் பாதுகாப்புக் கல்விச் சுற்றுலா' அது. வேன், வழிகாட்டி, பூங்கா நுழைவு, பயிற்சித்தாள் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 550 ரேண்ட். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. குறைகளை அவர்களிடமே சொல்லியாயிற்று, இங்கிருக்கும் பெற்றோர்களுக்கு யாரென்றும் தெரியும்.

முதலில் பயிற்சித்தாள். பளபளவென்று எட்டுப் பக்கம். அட்டையில் முகம் வெட்டப்பட்டு மண்ணில் கிடக்கும் ஒரு யானையின் படம். உள்ளே கோடிட்ட இடம் நிரப்புக: 'தந்தத்துக்காக யானைகளைக் கொல்வது ______.' சரியா, தவறா என்று இரண்டு விடை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் வகுப்பில் யாரும் 'சரி' என்று எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடங்களில் யானையைச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ஒரு சோகப் படம், ஒரு உறுதிமொழி, கடைசியில் வண்ணம் தீட்ட ஒரு குட்டி யானை.

அதைவிட மோசம் ஐந்தாம் பக்கம். 'அடோவில் பெண் யானைகளுக்குத் தந்தம் இல்லாமல் போனதற்குக் காரணம் தந்தத் திருடர்கள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தவறு. அதைத் தவறென்று சொன்னவர் அதே கம்பெனி அனுப்பிய வழிகாட்டி என்பதுதான் வேடிக்கை.

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் கோசா மொழிக்கார அம்மா அவர். ஹாப்பூர் நீர்நிலைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் புதர்களை விலக்கிக்கொண்டு வந்தது. பாட்டி, தாய்மார், குட்டிகள். எல்லாம் ஆப்பிரிக்க யானைகள், காது மட்டும் முறம் அளவு, ஆனால் முகத்தில் தந்தம் இல்லை. நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது, நம் ஊர்ப் பெண் யானைகளுக்குத் தந்தம் வெளியே தெரிவதில்லையே. ஆப்பிரிக்கச் சவன்னா யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு என்பதால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் உடனே சந்தேகம் வந்தது. "ஆன்ட்டி, எல்லாவற்றையும் யாரோ வெட்டிவிட்டார்களா?" என்றாள் ஒருத்தி.

அந்த அம்மா பயிற்சித்தாளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். சண்டேஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விவசாயம் பெருகியதும் யானைகள் பயிரிலும் தண்ணீரிலும் புகுந்தன. விவசாயிகள் புகார் செய்ய, 1919-இல் அரசே மேஜர் பிரிடோரியஸ் என்ற வேட்டைக்காரரை அமர்த்தியது. ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளினார். தந்த வியாபாரத்துக்காக நடந்த வேட்டையல்ல அது, வயலைக் காப்பாற்ற. 1931-இல் பூங்கா அமைந்தபோது மிச்சம் 11 யானைகள். அந்தப் 11-இல் இருந்த பெண் யானைகளில் பாதிக்குத் தற்செயலாகவே தந்தம் இல்லை. பிறகு வந்ததெல்லாம் அந்தச் சின்னக் குடும்பத்தின் வாரிசுகள். வெளியிலிருந்து புது ரத்தம் கலக்காமலேயே பெருகியதால், 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெண் யானைகளில் 98 சதவீதத்துக்குத் தந்தம் இல்லை என்றாகிவிட்டது. இன்று பூங்காவில் 600-க்கும் மேல் யானைகள்.

"அப்போ திருடர்களால் தந்தம் போவது பொய்யா?" என்று ஒரு பையன் மடக்கினான். இல்லை, அது பக்கத்து நாடு என்றார். மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆயுதச் செலவுக்காகத் தந்தமுள்ள யானைகளாகப் பார்த்துக் கொன்றார்கள். தப்பியவை தந்தமில்லாதவை. அந்தக் குணமே அடுத்த தலைமுறைக்குப் போனது. இதைப் பற்றிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அங்கே அந்த மரபணு ஆண் கருக்களை அழித்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, 'தந்தமில்லாமல் பிறந்தால் நல்லதுதானே' என்று நினைத்த பிள்ளைகளுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. அடோவுக்கு ஒரு காரணம், கொரொங்கோசாவுக்கு வேறு காரணம். இதை ஒரே கட்டத்துக்குள் திணித்தவர்களை என்ன சொல்ல?

அப்புறம் ரெசினில் செய்த மாதிரித் தந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கைமாறிக் கைமாறி எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு நீலப் பட்டை சுற்றியிருந்தது. அவ்வளவு தூரம் மண்டையோட்டுக்குள் புதைந்திருக்குமாம். தந்தம் ஒரு பல், அதை முழுசாக எடுக்க வேண்டுமென்றால் முகத்தையே பிளக்க வேண்டும். அட்டைப் படம் செய்யாததை அந்த நீலப் பட்டை செய்தது. வேனில் சத்தமே இல்லை.

எங்கள் வகுப்பில் படித்த பழமொழியை ஒருத்தி ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்லிக் காட்டினாள்: யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் அரசாங்கமும் இதைத்தான் சொன்னது" என்றார். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 1989-இல் தடை முடிவானது. தென்னாப்பிரிக்க யானைகளுக்கு 2000-இல் அந்தத் தடை தளர்ந்தது. 2008-இல் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே நான்கும் கிடங்கிலிருந்த 100 டன்னுக்கு மேற்பட்ட தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்றன. பணம் யானைப் பாதுகாப்புக்கு என்று நிபந்தனை. கென்யாவோ 2016-இல் 105 டன்னைக் கொளுத்திவிட்டது. விற்றால் ஆசை கூடும் என்பது ஒரு கட்சி, கிடங்கில் பூட்டி வைத்து என்ன பயன் என்பது மறு கட்சி. அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் கொளுத்துவதா விற்பதா என்று அடித்துக்கொண்டார்கள். எட்டுப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது!

இன்னொரு விடுபடல். ஒரு மாணவி தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கொள்ளுத்தாத்தா காலத்துத் தந்தப் பிள்ளையார் இருப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். இந்த நாட்டில் தந்தம் வைத்திருக்கவே பர்மிட் வேண்டும் என்று வழிகாட்டி பதமாகச் சொல்ல, அன்றிரவே அவள் அம்மா எனக்குப் போன் செய்து, "டீச்சர், பிள்ளையாருக்குமா பர்மிட்?" என்றார். நம்மவர் வீடுகளில் இப்படி எத்தனை இருக்குமோ. பெற்றோருக்கான சுற்றறிக்கையில் முதல் வரியாகப் போட வேண்டிய விஷயம் இது.

ஆரஞ்சு விஷயத்தையும் கம்பெனி முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். யானை உலவும் பகுதிக்குள் எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழம் எதையும் கொண்டுபோகக் கூடாது. முன்பு யானைகள் வேலிக்குள்ளேயே இருக்க ஆரஞ்சு கொட்டிப் பழக்கியதில், வாசனை பிடித்து வண்டியை மொய்க்க ஆரம்பித்துவிட்டனவாம். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பையில் நார்ச்சி (இங்கே கிடைக்கும் சின்ன ஆரஞ்சு). வாசலிலேயே உட்கார்ந்து அத்தனையையும் தின்று முடித்தோம். சாப்பாடு சுமார், சைவம் என்று எழுதிக் கொடுத்தும் சீஸ் சாண்ட்விச் ஒன்றுதான். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். வேன் சுத்தம், ஓட்டுநர் நிதானம். சாணி வண்டு சாலையைக் கடக்கும்போதெல்லாம் பொறுமையாக நின்றார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் மூன்று அந்த அம்மாவுக்கு. பயிற்சித்தாளை மாற்றுவோம் என்று கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது, பார்ப்போம். ஆறாம் வகுப்புக்குக் கீழே அழைத்துப் போக வேண்டாம், பேச்சு நீளம். பதிவு செய்யும்போது ரெசின் தந்தம் கொண்டுவரும் வழிகாட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அவருக்கு ஓய்வு நாள் என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.