எரிக் பிசிஆரா, முழு ஜீனோமா?

தஞ்சை, திருவாரூர் பக்கம் ஒரு பச்சிளங்குழந்தை வார்டில், ஒரே வாரத்தில் நாலைந்து குழந்தைகளின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்கிறது என்று வையுங்கள். ஒரே மூலத்திலிருந்து பரவியதா, தனித்தனியாக வந்ததா? கண்டுபிடிக்க இரண்டு வழி: பாக்டீரியா டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை வைத்து ஜெல்லில் பட்டைகளாகக் காட்டும் எரிக் பிசிஆர்; டிஎன்ஏ முழுவதையும் படிக்கும் ஜீனோம் சோதனை.

செலவு: எரிக்குக்கு பிசிஆர் மெஷினும் ஜெல் பெட்டியும் போதும். ஜீனோமுக்கு மாதிரி ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும்.

நேரம்: எரிக் ஒரு நாள். ஜீனோம், வெளியூர் லேபுக்கு அனுப்பினால் வாரக்கணக்கு.

துல்லியம்: விஷயமே இங்கேதான். எரிக் பட்டைகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நேற்றைய ஜெல்லை இன்றையதோடு ஒப்பிடாதீர்கள். எல்லா மாதிரியையும் ஒன்றாகவே ஓட்டுங்கள், சம்பந்தமில்லாத ஒரு கிளெப்சியெல்லாவையும் சேர்த்து. ஜீனோமோ சுமார் 55 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கிறது. ஓரிரு எழுத்து வித்தியாசமும் தெரியும், என்டிஎம் மாதிரி ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவும் சிக்கும்.

சிங்க், சக்‌ஷன் குழாய் மேல் உள்ள சந்தேகத்தை உடனே வடிகட்ட எரிக் போதும். மாதக்கணக்கில் இழுத்தாலோ, இரண்டு ஆஸ்பத்திரிக்கு இடையே பரவியதா என்று பார்க்கவோ ஜீனோம்தான். கை கழுவும் கெடுபிடி எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், மாதிரிகளை கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கட்டும். 2018 கஜா புயலில் கரண்ட் போனது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன!