நான்கு செல் சோதிப்பான்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சூரிய மின்தகட்டின் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கப் பழைய மடிக்கணினி பேட்டரிகளின் செல்களைப் பயன்படுத்துவதே பொறியியல் மூன்றாம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட செயல்திட்டம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 18650 எனப்படும் அந்தச் செல்களில் எவை இன்னும் தேறும் என்று பிரித்தறிவதற்காகவே, ஒரே நேரத்தில் நான்கு செல்களைச் சோதிக்கும் இந்தச் சார்ஜரை வாங்கினேன்.

கொள்திறனை அளப்பதில் இதைத் தயக்கமின்றி நம்பலாம். செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றி, சீரான மின்னோட்டத்தில் இறக்கி, வெளிவந்த மின்னூட்டத்தை மில்லி ஆம்பியர் மணியில் காட்டுகிறது. ஒரே செல்லைப் பலமுறை சோதித்தபோதும் எண்கள் பெரிதாக மாறவில்லை. மின்னோட்டத்துக்குச் செல் தன்னுள்ளேயே காட்டும் தடையான உள்மின்தடையைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. செல்லைச் சற்றே திருப்பி வைத்தாலும் அளவு மாறிவிடுகிறது. நல்ல செல்லின் உள்மின்தடை சில பத்து மில்லி ஓம் மட்டுமே என்பதால், ஸ்பிரிங் முனை செல்லைத் தொடும் இடத்தில் எழும் மின்தடையும் அதனுடன் கலந்து, எது செல்லுக்குரியது என்று தெரியாமல் போகிறது. மின்னோட்டம் செலுத்த இரண்டு முனைகளும் மின்னழுத்தம் அளக்க வேறு இரண்டு முனைகளும் வைத்திருந்தால் இக்குறை நேர்ந்திராது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேறு வகைச் செல்களை 4.2 வோல்ட் வரை ஏற்றாமல் 3.65 வோல்ட்டில் நிறுத்தும் தெரிவும் உண்டு. ஆனால் அதை நாமே மாற்ற வேண்டும்; மறந்தால் செல்லுக்கு ஆபத்து.

நாளடைவில் என் பெட்டியில் தேறிய செல்களைவிடத் தேறாதவையே பெருகின. சூரிய ஆற்றலைத் தூயது என்று சொல்பவர்கள், அதைச் சேமிக்கும் செல்லின் இறுதிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். அவ்வெண்ணமே என்னை மறுசுழற்சி ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே, செல்களை நொறுக்கிச் சலித்துப் பெறும், கோபால்ட் அடங்கிய கருந்தூளைக் கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கரைக்கிறோம். மூன்று இணைதிறன் கொண்ட கோபால்ட்டைப் பெராக்சைடு எலக்ட்ரான் தந்து இரண்டு இணைதிறனுக்கு ஒடுக்குவதால்தான் கோபால்ட் எளிதில் கரைசலுக்கு வருகிறது.

அந்த வேலைக்கு இச்சார்ஜர் பாதிவழி மட்டுமே துணை வருகிறது. மீண்டும் பயன்படுத்தவிருக்கும் செல்லுக்கு ஊறு நேராதபடி 2.8 வோல்ட்டிலேயே இறக்கத்தை நிறுத்திவிடுவதால், வெட்டித் திறக்க வேண்டிய செல்லில் தீப்பற்றப் போதுமான ஆற்றல் எஞ்சியிருக்கும். ஆகவே அத்தகைய செல்களை மின்தடையுடன் இணைத்து மேலும் இறக்குகிறோம். இணைப்பைத் துண்டித்தபின் மின்னழுத்தம் மெல்ல மேலேறும் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்த பிறகே வெட்டுகிறோம்.