சமூக மனநல நிர்வாகத்துக்கு எந்த வாசல்? மருத்துவமனை ஃபெலோஷிப், சமூக மைய ஃபெலோஷிப், நேரடி வேலை: ஓர் அலசல்

அமெரிக்காவில் எம்எச்ஏ (மருத்துவ நிர்வாகம்), எம்பிஎச் (பொதுச் சுகாதாரம்) முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, மனநலமும் போதை மீட்பும் சார்ந்த சமூக மையங்களை நடத்தும் பொறுப்புக்கு வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அவர்கள் முன்னால் மூன்று வழிகள். பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஃபெலோஷிப்பில், அதாவது சம்பளத்தோடு கூடிய நிர்வாகப் பயிற்சியில், சேரலாம். சமூக மனநல மையம் ஒன்று தானே நடத்தும் ஃபெலோஷிப்பில் சேரலாம். இரண்டும் வேண்டாம் என்று அப்படிப்பட்ட மையத்தில் நேராக ஒரு வேலைக்குப் போகலாம். சம்பளம், பெயர், ஊர் என்று பலவற்றை வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்றை: நாளை நீங்கள் நிர்வகிக்கப்போகும் பணம் எப்படிப்பட்டது, அதைக் கையாள எங்கே பழகப்போகிறீர்கள்?

இந்தத் துறையில் நல்ல எண்ணம் கொண்டவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சம் எப்போதும் பணத்துக்குத்தான். 1963 அக்டோபர் 31 அன்று ஜான் கென்னடி சமூக மனநல மையச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களை அவரவர் ஊரிலேயே வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். மருத்துவமனைகள் காலியாகின. ஆனால் கட்டுவதாகச் சொன்ன மையங்களில் ஏறத்தாழ பாதிதான் எழுந்தன. 1981இல் ரீகன் ஆட்சி மத்திய உதவியைக் குறைத்து, மிச்சத்தை பிளாக் கிராண்டாக, அதாவது மொத்தத் தொகையாக, மாநிலங்களிடம் கொடுத்துவிட்டது. இன்று நாட்டில் மனநலச் சேவைக்கு மிக அதிகமாகப் பணம் கொடுப்பது மெடிகெய்டு, அதாவது குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசுக் காப்பீடு. அந்த மெடிகெய்டும், 16 படுக்கைக்கு மேல் உள்ள மனநல நிறுவனத்தில் 21 முதல் 64 வயது வரையிலான ஒருவர் தங்கிச் சிகிச்சை பெற்றால் பொதுவாகப் பணம் தராது. ஒரு மையத்தின் தலைவர் எடுக்கும் பெரிய முடிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டுப்பாடுகளுக்குள்தான் நடக்கின்றன.

முதலில் பெரிய குழுமங்களின் ஃபெலோஷிப். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓராண்டு அல்லது இரண்டாண்டு (மேயோ கிளினிக்கில் இரண்டாண்டு), துறை துறையாக ரொட்டேஷன், வழிகாட்ட மேல்மட்ட நிர்வாகி ஒருவர் (பிரிசெப்டர்), போர்டு கூட்டங்களில் உட்கார அனுமதி, ஒழுங்காக எழுதி வைத்த பாடத்திட்டம். முன்னாள் ஃபெலோக்கள் நாடு முழுக்கப் பெரிய பதவிகளில் இருப்பார்கள். ஒரு போன் செய்தால் எடுப்பார்கள். விண்ணப்பமும் எளிது. என்ஏஎஃப்சிஏஎஸ் என்ற பொதுத் தளம் வழியாக ஒரே தொகுப்பைப் பல இடங்களுக்கு அனுப்பலாம்.

ஆனால் மனநலம் அங்கே எந்த உருவத்தில் உங்கள் கண்ணில் படும்? எமர்ஜென்சியில் படுக்கைக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் நோயாளியாக. நட்டம் காட்டும் உள்நோயாளிப் பிரிவாக. அந்தப் பிரிவை வைத்திருப்பதா, மூடுவதா என்று கேட்கும் ஸ்லைடாக. தனியார் காப்பீடு கொண்டுவரும் எலும்பு, இதய அறுவைச் சிகிச்சைகளின் வருமானம்தான் அந்த நட்டத்தைத் தாங்குகிறது. ஃபெலோ கற்றுக்கொள்வதும் அந்தக் கணக்கைத்தான். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த மனிதருக்கு வாடகை வீடு கிடைத்ததா, நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தால் ப்ரொபேஷன் அதிகாரியைப் போய்ப் பார்த்தாரா, மாதாந்திர ஊசிக்குத் திரும்பி வந்தாரா என்பது அந்தக் கட்டடத்துக்கு வெளியே நடப்பது. சமூக மையத்தின் வேலை முழுவதுமே அந்த வெளியில்தான் இருக்கிறது.

இரண்டாவது, சமூக மையங்களின் ஃபெலோஷிப். எண்ணிக்கையில் மிகக் குறைவு, அமைப்பில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். ஆனாலும் நல்ல இடம் அமைந்தால் இதற்கு இணை இல்லை. சிசிபிஎச்சி (சான்று பெற்ற சமூக மனநல மையம்) என்ற தகுதி பெற்ற மையங்களை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் பிறந்து, 2017இல் 8 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2022க்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை 10 மாநிலங்கள் வரை புதிதாகச் சேர வழி திறந்த திட்டம் இது. சான்று பெற்ற மையம் 9 வகைச் சேவைகளைத் தந்தாக வேண்டும். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அவசரத் தேவையோடு வருபவரை ஒரு வேலை நாளுக்குள்ளும், மற்றவர்களை 10 வேலை நாளுக்குள்ளும் பார்க்க வேண்டும். நெருக்கடிச் சேவை 24 மணி நேரமும் உண்டு.

இதற்குப் பணம் வரும் விதம்தான் ஒரு ஃபெலோவுக்குப் பெரிய பாடம். பழைய முறையில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி பில். தெரபிக்கு நேரம் வாங்கியவர் வரவில்லை என்றால் அந்த ஒரு மணி நேரம் பூஜ்யம். கேஸ் மேனேஜர் காரில் 40 நிமிடம் ஓட்டிப்போய், வீட்டு உரிமையாளரிடம் பேசி, வாடகைக்கு இருக்கும் நோயாளியை வெளியேற்றாமல் காப்பாற்றினால் அதில் பெரும்பகுதிக்குப் பணம் கிடைக்காது. சோதனைத் திட்டத்தில் உள்ள மையங்களுக்கு மெடிகெய்டு வேறு மாதிரி பணம் தருகிறது. நோயாளி வந்த நாளுக்கு அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்ட ஒரே தொகை. அன்று அவருக்கு ஒரு சேவை தந்தாலும் மூன்று தந்தாலும் நாள் கட்டணம் அதேதான். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? மையம் ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவையும் எழுதிக் கொடுக்கும் காஸ்ட் ரிப்போர்ட்டிலிருந்து. காரில் போன அந்த 40 நிமிடமும், இரவு நேர நெருக்கடிக் குழுவின் சம்பளமும் அதற்குள் வந்துவிடும். எழுதத் தவறினால் அடுத்த முறை தொகையைத் திருத்தும்வரை அந்தக் குறையோடு ஓட்ட வேண்டியதுதான். ஒரு காஸ்ட் ரிப்போர்ட் தயாராகும்போது நிதித் தலைவரான சிஎஃப்ஓவின் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைத் திரட்டிய ஃபெலோவுக்கு, அந்த மையத்தின் ஒவ்வொரு அறையும் எதனால் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் படிப்பை எந்த மருத்துவமனை ரொட்டேஷனிலும் நான் பார்த்ததில்லை.

இன்னும் உண்டு. போதை சிகிச்சைப் பதிவுகளுக்கென்று தனி ரகசிய விதி இருக்கிறது, 42 சிஎஃப்ஆர் பார்ட் 2. மற்ற மருத்துவத் தகவல்களைப் போல இவற்றைப் பகிர முடியாது. ஒஹையோ மாநிலத்தில் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மனநல வாரியங்கள் பலவற்றுக்குச் சொத்து வரியிலிருந்து பணம் போகிறது, அதற்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். சிசிபிஎச்சி மையத்தின் நிர்வாகக் குழுவில் மனநோயையோ போதையையோ தாமே கடந்து வந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உண்மையான பங்கு இருந்தாக வேண்டும். பட்ஜெட் கூட்டத்தில் அப்படி ஒருவர் எழுந்து, “நீங்கள் குறைக்கச் சொல்லும் அந்தக் குழுதான் என்னை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது” என்று சொல்லும்போது தலைமை என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், அவை சின்னதல்ல. பல மையங்களில் ஃபெலோஷிப் என்பது எழுதப்பட்ட திட்டமாக இருப்பதில்லை. ஒரு நல்ல மனிதரின் விருப்பமாகத்தான் இருக்கும். அவர் வேலை மாறினால் ஃபெலோவுக்கு ஆதரவில்லை. சில இடங்களில் கிராண்ட் பணத்தில் ஓடும், கிராண்ட் முடிந்தால் அதுவும் முடியும். சில இடங்களில் ஃபெலோ என்பவர் கூட்டக் குறிப்பு எழுதி, ஸ்லைடு செய்யும் குறைந்த சம்பள உதவியாளர். அப்படி ஓர் ஆண்டைக் கழித்துவிட்டு வந்தவர்களோடு பேசியிருக்கிறேன். எத்தனையோ கூட்டங்களின் பெயர் சொல்லத் தெரிந்தது, அவற்றில் எடுத்த ஒரு முடிவையும் விளக்கத் தெரியவில்லை. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இல்லை.

அதனால்தான் மூன்றாவது வழியை, நேரடி வேலையை, இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள் என்கிறேன். குவாலிட்டி அனலிஸ்ட், ப்ரோக்ராம் கோஆர்டினேட்டர், பில்லிங் பிரிவில் ஒரு பொறுப்பு: பெயரில் கவர்ச்சி இல்லைதான். ஆனால் மெடிகெய்டு எந்தக் காரணத்தால் ஒரு க்ளெய்மை நிராகரிக்கிறது என்று ஆறு மாதம் தினமும் பார்த்தவருக்கு, தெரபிஸ்ட் எழுதும் குறிப்பில் எந்த வரி விடுபட்டால் மையத்துக்கு வரவேண்டிய பணம் வராமல் போகும் என்று தெரியும். இந்த மையங்களில் ஆள் மாற்றம் அதிகம் என்பதால் பொறுப்பு வேகமாகக் கைக்கு வரும். ஃபெலோஷிப்பைவிடச் சம்பளமும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல். இழப்பு என்னவென்றால், ஒரே அறைக்குள் இருந்துவிடுவீர்கள். போர்டு எப்படி யோசிக்கிறது, சிஇஓ கவுண்டியோடு எப்படிப் பேரம் பேசுகிறார் என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படாது. நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும்.

என் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். நல்ல சமூக மைய ஃபெலோஷிப் முதலிடம். அது இல்லையென்றால், சிசிபிஎச்சி மையம் ஒன்றில் நேரடி வேலை. பெரிய குழும ஃபெலோஷிப் அதற்கும் பிறகுதான். சமூக மனநலத்தில்தான் இருக்கப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கான வரிசை இது. இன்னும் முடிவு செய்யாதவர்கள் பெரிய குழுமத்துக்கே போகலாம். அங்கிருந்து எந்தப் பக்கமும் திரும்ப முடியும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் வந்து படிப்பவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓபிடி, அதாவது வேலை செய்ய அனுமதி, 12 மாதம். ஃபெலோஷிப்பும் 12 மாதம் என்றால், அது முடியும் நாளில் கையில் நேரமே இருக்காது. உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டலாம், ஆனால் வேலை தருபவர் ஈ-வெரிஃபை என்ற அரசின் வேலை அனுமதி சரிபார்ப்புத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எச்-1பி வேலை விசா விஷயத்தில் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கும் ஆண்டு உச்சவரம்பு கிடையாது, லாட்டரியும் கிடையாது. லாப நோக்கற்றது என்ற ஒரே காரணத்தால் சமூக மையத்துக்கு அந்தச் சலுகை வராது. ஆகவே விசா தேவைப்படுபவர்களுக்குப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஃபெலோஷிப் ஒரு படி மேலே போய்விடுகிறது. ஸ்பான்சர் செய்வார்களா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள், பல ஃபெலோஷிப்கள் செய்வதில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்து மத்திய அரசின் கல்விக் கடனோடு நிற்பவர்களுக்குக் கவலை வேறு. பிஎஸ்எல்எஃப் என்ற பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், அரசிலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரமாக வேலை செய்தபடி 120 தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. மூன்று வழிகளிலும் இது பொருந்தலாம். ஆனால் போதை சிகிச்சையில் லாபத்துக்காக நடக்கும் தொடர் கிளினிக்குகள் நிறைய இருப்பதால், யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனைகளில் நல்ல நிர்வாகப் பயிற்சி உண்டு; குடியுரிமை கேட்பார்கள். மத்திய அரசு நிர்வாகத்தில் சேர 1977இல் அதிபர் கார்ட்டர் தொடங்கி வைத்த பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பழைய பட்டியல்களில் அதைப் பார்த்தால் கடந்துபோங்கள். பணம் கொடுக்கும் பக்கத்தில் இருந்து பார்க்க விரும்பினால், ஃபிலடெல்ஃபியாவில் 1997 முதல் நகரத்துக்காக மெடிகெய்டு மனநலப் பணத்தை நிர்வகிக்கும் கம்யூனிட்டி பிஹேவியரல் ஹெல்த் போன்ற அமைப்புகளில் வேலை தேடலாம்.

காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெரிய குழுமங்கள் கோடையில் விண்ணப்பம் வாங்கி இலையுதிர் காலத்துக்குள் ஆளைத் தேர்ந்துவிடும், வேலை அடுத்த கோடையில் தொடங்கும். சமூக மையங்கள் அவ்வளவு முன்கூட்டித் திட்டமிடுவதில்லை. பட்ஜெட் தெரிந்த பிறகுதான் அறிவிப்பு வரும், பெரும்பாலும் ஆண்டின் முதல் சில மாதங்களில். அதாவது நீங்கள் விரும்பும் இடம் வாய் திறப்பதற்கு முன்பே மற்ற இடத்துக்குச் சம்மதம் சொல்லவேண்டி வரும். அதற்குக் காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே உங்களுக்குப் பிடித்த நாலைந்து மையங்களின் சிஇஓவுக்கோ செயல்பாட்டுத் தலைவரான சிஓஓவுக்கோ நேராக எழுதுங்கள். அறிவிப்பு இல்லாத இடத்திலும் நல்ல மாணவர் ஒருவர் வந்து கேட்டதால் ஃபெலோஷிப் உருவாவது உண்டு.

எழுதும்போது அவர்களுக்கு இப்போது தலைக்கு மேல் இருக்கும் வேலையைச் சொல்லி எழுதுங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, வருமான வரம்பை உயர்த்தி விரிவாக்கப்பட்ட மெடிகெய்டில் உள்ள பெரியவர்கள் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு ஈடான செயலோ செய்வதைக் காட்ட வேண்டும். 2027 ஜனவரிக்குள் பெரும்பாலான மாநிலங்களில் இது நடைமுறைக்கு வர வேண்டும். கடுமையான மனநோய், போதைப் பிரச்சினை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு பதிவாக வேண்டும். நோயாளியால் தானாகச் செய்ய முடியாத காகித வேலை அது. ஒரு மையத்தின் நோயாளிகளில் யார் யாருக்கு விலக்கு பொருந்தும், யாருடைய பதிவு எப்போது காலாவதியாகிறது, எந்தக் கேஸ் மேனேஜர் அதைப் பார்ப்பார் என்று ஒரு முறையை உருவாக்கித் தருகிறேன் என்று எழுதிப் பாருங்கள்.

நேர்காணலில் நீங்களும் மூன்று விஷயம் கேளுங்கள். என் பிரிசெப்டர் யார், அவர் விலகினால் அடுத்து யார்? காஸ்ட் ரிப்போர்ட் அல்லது பட்ஜெட் தயாரிப்பில் எனக்கு என்ன பங்கு? போன ஆண்டு ஃபெலோவோடு நான் தனியாகப் பேசலாமா? மூன்றாவதற்குத் தயங்கினால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் வந்திருந்தாலும் அந்த இடம் வேண்டாம். பக்கத்துக் கவுண்டியில் குவாலிட்டி அனலிஸ்ட் வேலை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.