ஹீட்டருக்குத் தனிக் காசு: எம்ஜிபி ரோட்ஸ்டரோடு பல வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1966-ன் தொடக்கத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். வீடும் வேலையும் இங்கிலாந்தில்தான் என்பதால் வண்டியும் பிறந்த நாட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள் துரு, எஞ்சின், பெயிண்ட் என்று விசாரிப்பார்கள். அதெல்லாம் சரி. ஆனால் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன எக்ஸ்ட்ராக்களோடு வந்தது என்பதையும் கேளுங்கள். ஒரே வருடத்து இரண்டு எம்ஜிபிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் அவை வேறு வேறு வண்டிகளோ என்று சந்தேகம் வரும். காரணம் அந்தப் பட்டியல்தான்.

1962-ல் அறிமுகமானபோது வரியோடு சேர்த்து விலை ஏறத்தாழ 950 பவுண்டு. அதற்கு 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு கார்புரேட்டர், முன்பக்க டிஸ்க் பிரேக், தோல் இருக்கை எல்லாம் வந்துவிடும். ஹீட்டர் வராது! இங்கிலாந்துக் குளிருக்கு ஹீட்டர் தனிக் காசு. மடக்கும் துணிக்கூரை தனி, ஆஷ்ட்ரே தனி, இரண்டாவது ஹார்ன் தனி. அடிப்படை விலையைக் குறைத்துக் காட்டும் வியாபாரத் தந்திரம்தான். எம்ஜியை மட்டும் சொல்லிப் பயனில்லை; அன்றைய பிரிட்டிஷ் கம்பெனிகள் பலவும் இதையே செய்தன.

வண்டி எப்படி வெளிவந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. காய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். தயாரித்த தேதி, நிறம், எங்கே அனுப்பினார்கள், தொழிற்சாலையில் என்னென்ன மாட்டினார்கள் என்று அதில் இருக்கும். என் வண்டிக்கு ஹீட்டர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடும் கூடுதல் கியர் பெட்டி), ஸ்போக் சக்கரம் என்று வந்தது. மடக்கும் கூரை இல்லை, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரும் இல்லை. சக்கரத்துக்குச் செலவு செய்த முதல் உரிமையாளர் கூரைக்கு ஏன் கையைச் சுருக்கினார் என்று மழை பெய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஓவர்டிரைவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் நான்கே கியர்தான், அதிலும் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபியில் மோட்டார்வேயில் 70 மைல் வேகம் போனால் எஞ்சின் 3,900 ஆர்பிஎம்மை ஒட்டிச் சுற்றும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். டாஷ்போர்டில் உள்ள சின்ன சுவிட்சைத் தட்டினால் அதே வேகத்துக்கு 3,150 போதும். ஊசி மெதுவாக இறங்குவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

லேகாக் டி நார்மன்வில் செய்த இந்தப் பெட்டி கியர்பாக்ஸின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் சாலினாய்டு என்ற மின்காந்தம் ஒரு வால்வைத் திறக்க, ஆயில் அழுத்தம் ஒரு கூம்பு கிளட்சைத் தள்ளி உள்ளே நடுவில் இருக்கும் ‘சூரிய’ கியரை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். இதற்காகக் கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டியதில்லை. என் வண்டியில் மூன்றாவதிலும் நான்காவதிலும் வேலை செய்யும். மூன்றாவதில் ஓவர்டிரைவ் போட்டால் நான்காவது கியருக்குச் சற்றே கீழே ஒரு விகிதம் கிடைக்கிறது. வளைந்து வளைந்து போகும் கிராமச் சாலைகளில் பாதி நேரம் அதில்தான் ஓட்டுகிறேன், கை கியர் லீவருக்கே போவதில்லை.

ஒருநாள் ஓவர்டிரைவ் ஏறவில்லை. பார்த்த மெக்கானிக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார். எம்ஜிபியில் அதற்கு எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும், பெரிய செலவு. கியர்பாக்ஸ் மேலே இருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்சுக்கு (மற்ற கியர்களில் ஓவர்டிரைவ் ஏறாமல் தடுப்பது) போகும் ஒயர்தான் கழன்றிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஏறவில்லை என்றால் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஒயரிங், கடைசியாகத்தான் பெட்டி. கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன, நான் ஊற்றுவது 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில்தான்.

ஸ்போக் சக்கரத்துக்கு வருவோம். அழகு என்றால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோவில் யானை வளர்ப்பது மாதிரி, பார்ப்பவருக்குத்தான் சந்தோஷம். ஒரு சக்கரத்துக்கு 60 ஸ்போக், அத்தனையையும் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். டயருக்குள் டியூப் கட்டாயம். பல டயர் கடைகளில் இதை பேலன்ஸ் செய்யச் சரியான கூம்பு இருப்பதில்லை. ஒரு கடையில் பேலன்ஸ் செய்து வந்த பிறகு ஸ்டியரிங் முன்னைவிட அதிகமாக ஆடியது. சக்கரத்துக்கு நட்டு போல்ட்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு இறக்கை நட்டு, அதைச் செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். வலப்பக்கத்து நட்டுகளுக்கு இடமரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். ஹப்பில் உள்ள பற்களுக்குக் கிரீஸ் தடவாமல் விட்டால் தேய்ந்துவிடும். ரிவர்சிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சாதாரண இரும்புச் சக்கரத்துக்கு மாறிவிடலாம் என்றால் பின் ஆக்சிலே வேறு அளவு, ஹப்பை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது. புதிதாக வாங்குகிறவருக்கு இரும்புச் சக்கரம் போதும் என்பேன். என் வீட்டில் இந்தக் கருத்துக்கு ஆதரவு இல்லை.

ஹீட்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சூடு வருகிறது. பழுதானால் கழற்றுவதுதான் பாடு. ஹீட்டரை முதலில் வைத்துவிட்டுச் சுற்றிலும் வண்டியைக் கட்டினார்கள் என்று எம்ஜி வைத்திருப்பவர்கள் சொல்லும் கேலியில் உண்மை இருக்கிறது.

கூரை விஷயம் கொஞ்சம் கஷ்டம். என் வண்டியில் இருப்பது மடக்கும் வகை இல்லை என்பதால், கூரையை எடுக்கும்போது அதைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றி, துணியைச் சுருட்டி, எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஸ்டெப்னி படுத்திருக்கிறது. மடக்கும் கூரை என்றால் சட்டம் இருக்கைக்குப் பின்னாலேயே மடிந்து நிற்கும். இங்கே மழை எப்போதும் சொல்லாமல் வருவதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆன்ட்டி-ரோல் பார் 1966 நவம்பரிலிருந்து ரோட்ஸ்டர்களுக்கு எக்ஸ்ட்ரா இல்லாமலே வந்தது, என் வண்டி சில மாதங்களில் அதைத் தவறவிட்டது. பிறகு வாங்கி மாட்டினேன். ரவுண்டானாவில் வண்டி சாய்வது நன்றாகக் குறைந்தது, சவாரியின் மென்மையும் கெடவில்லை. கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தந்த வேறு பாகம் இந்த வண்டியில் இல்லை.

சிகரெட் லைட்டரும் அன்று எக்ஸ்ட்ராதான். இன்று போன் சார்ஜ் செய்யலாமே என்று அதைத் தேடுகிறவர்கள் கவனிக்க: 1967 கடைசிக்கு முன் வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். கடையில் வாங்கும் சார்ஜரை அப்படியே செருகாதீர்கள்.