ராஜஸ்தான் பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: எங்கள் 9,600 வெள்ளி போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். எங்களுக்கு இந்தப் பேக்கேஜை விற்ற ஏஜென்சி ஆள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

9,600 மலேசிய வெள்ளி. மூன்று பேருக்கு, தலைக்கு 3,200. விமான டிக்கெட் இதில் சேராது, அதைத் தனியாக வாங்கிக்கொண்டோம். இந்த 9,600 இந்தியாவில் வண்டி, தங்குமிடம், சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி எல்லாவற்றுக்கும். ஜோத்பூர் இரண்டு இரவு, ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இரண்டு இரவு, பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கடைவீட்டு மாடியில் நடக்கிற சின்ன டிராவல் ஏஜென்சி, அவ்வளவு போதும்.

அம்மாவுக்கு ஜெய்சல்மேர் மேல் ரொம்ப நாள் ஆசை. மஞ்சள் கல்லில் கட்டிய அந்தக் கோட்டையை எப்போதோ தொலைக்காட்சியில் பார்த்தவர், அதற்குள் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து விடவே இல்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அதனால்தான் நாங்களே இணையத்தில் பதிவு செய்துகொண்டு போகாமல், நேரில் பேசி ஏற்பாடு செய்வோம் என்று ஏஜென்சிக்குப் போனோம்.

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து வருகிறவரிடமும் அதையேதான் பேசுவான். நாங்கள் உட்கார்ந்ததும் என்னிடம் பேசவில்லை, என் கணவரிடமும் பேசவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அம்மா, முட்டி வலி எந்தக் கால்ல?" என்று கேட்டான். எந்தக் கால்! பிள்ளைகள் நாங்களே கேட்டதில்லை. "வலது கால்தான் தம்பி" என்றார் அம்மா. உடனே ஒரு தாளை எடுத்து நீலப் பேனாவால் "கீழ் மாடி ரூம், வலது கால்" என்று எழுதி, இரண்டு கோடு போட்டான். அப்புறம் போனில் ஒரு படம். ஒட்டகத்தின் மேல் சிவப்பு சுவெட்டர் போட்ட ஓர் அம்மா. "இது எங்கம்மா. நானே கூட்டிட்டுப் போனேன். உங்களையும் அதே மாதிரி பாத்துக்குவாங்க." அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதற்குமேல் நான் என்ன கேட்பது?

என் கணவர் மட்டும் ஒன்று கேட்டார். பணத்தை ஏன் அவன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறான் என்று. அதற்கும் தயாராக இருந்தான். "கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா இந்தியாவுக்கு அனுப்ப ஒரு வாரம் ஆகும் அண்ணே, கோட்டைக்குள்ள ரூம் கம்மி, போயிடும்." சொல்லிக்கொண்டே ஜெய்சல்மேருக்கு என்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து யாரோ ஒரு பாயிடம் இந்தியில் பேசினான். "கன்ஃபர்ம், கன்ஃபர்ம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அந்த இடத்திலேயே 9,600 வெள்ளியும் போனது. ரசீது கொடுத்தான். ரசீதில் கம்பெனி முத்திரை, பணம் போனது அவன் பெயருக்கு. இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜோத்பூர் வரை ஒரு குறையும் இல்லை. வண்டி வந்தது, மெஹ்ரான்கர் கோட்டை பார்த்தோம், ஹோட்டல் சுமார்தான் என்றாலும் இருந்தது. தமிழ் பேசும் வழிகாட்டி மட்டும் வரவில்லை. "ஜெய்சல்மேர்ல சேர்ந்துக்குவார்" என்றான் ஏஜென்சி ஆள். அங்கிருந்து ஜெய்சல்மேர் கிட்டத்தட்ட 285 கிலோமீட்டர். போக்ரான் வழியாக ஐந்து மணி நேரம் பிடித்தது. அவன் கொடுத்த பயணத் திட்டத்தில் "2 மணி நேரம்" என்று போட்டிருந்தது!

அந்தத் திட்டத்தை வழியில் ஓட்டுநரிடம் காட்டினேன். ஒரே நாளில் கோட்டை, பட்வா ஹவேலி என்கிற பழைய மாளிகை, கடிசர் ஏரி, குல்தாரா, லோங்கேவாலா, தனோட் மாதா கோயில், அதற்கப்புறம் மாலையில் சம் மணல்மேட்டில் சூரியன் மறைவது. மனிதர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். தனோட்டுக்கு ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். 1971 இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்த லோங்கேவாலாவும் அதே எல்லைப் பக்கம்தான். அதைவிட முக்கியமாக, எல்லையை ஒட்டிய அந்தப் பகுதிக்குப் போக வெளிநாட்டவருக்கு முன் அனுமதி வேண்டுமாம். எங்கள் கையில் இருப்பது மலேசியப் பாஸ்போர்ட் என்று தெரிந்தும் அந்தத் தம்பி அதை விற்றிருக்கிறான். அனுமதி என்ற பேச்சே எடுக்கவில்லை. வரைபடத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தவன்கூட இப்படி ஒரு திட்டம் போட மாட்டான்.

ஜெய்சல்மேர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஒன்றுமே இல்லாத சமவெளியில் அந்தக் கோட்டை விளக்கு வெளிச்சத்தில் எழுந்து நின்றதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1156இல் ராவல் ஜெய்சல் திரிகூட மலையில் கட்டத் தொடங்கிய கோட்டை. 2013 முதல் ராஜஸ்தானின் மற்ற மலைக் கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அம்மா வண்டியில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அவனால் கெடுக்க முடியவில்லை.

மற்றதையெல்லாம் கெடுத்துவிட்டான். கார் மேலே போகாது. வாசலில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பிறகு கல் பாவிய சரிவில் மாட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் வழிவிட்டு நடந்து விடுதிக்குப் போனோம். விடுதிக்காரர் பெரியவர், நரைத்த மீசை. எங்கள் பெயரைக் கேட்டார், பதிவேட்டைப் புரட்டினார், பிறகு அதைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பென்சிலில் என் கணவர் பெயர், குறுக்கே ஒரு கோடு. முன்பணம் வரவில்லை, இரண்டு முறை கேட்டும் வரவில்லை, அதனால் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்.

கோலாலம்பூருக்குப் போன் அடித்தேன். எடுத்தான். "அக்கா, அவன் டிராமா பண்றான், போனை அவன்கிட்ட குடுங்க." கொடுத்தேன். பெரியவர் அமைதியாகக் கேட்டார், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், போனைத் திருப்பித் தந்தார். இணைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. அதற்குப்பின் அன்றிரவு முழுவதும் அவன் எடுக்கவே இல்லை. மெசேஜுக்கு மட்டும் ஒரு கும்பிடும் கை.

அந்தப் பெரியவர் எங்களுக்கு எந்தக் கடமையும் பட்டவர் இல்லை. இருந்தும் டீ வரவழைத்தார். கோட்டைக்குக் கீழே தெரிந்த ஒருவரின் விடுதியில் தரைமாடி அறை பேசிக் கொடுத்தார். "மேலே தங்காதது நல்லதுதான்" என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் கோட்டைக்குத் தண்ணீர் கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் வந்தது. இன்று குழாய் வந்துவிட்டது, விடுதிகள் பெருகிவிட்டன, கழிவுநீர் கசிந்து மலையின் அடித்தளத்தையே இளக்குகிறது, சில கொத்தளங்கள் இடிந்தும் விழுந்திருக்கின்றன. கோட்டைக்குள் விடுதி நடத்துகிறவரே இதைச் சொல்கிறார். "ஜன்னலைத் திறந்தா பாலைவனம்" என்று விற்ற நம் ஊர்க்காரன் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் காசிலேயே ஊரைப் பார்த்தோம். கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்கள், பட்வா வணிகக் குடும்பம் கட்டிய ஐந்து ஹவேலிகள். கல்லில் இப்படியும் பூவேலை செய்ய முடியுமா என்று அம்மா தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். குல்தாராவில் பாலிவால் மக்கள் ஒரே இரவில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் என்பது கதை. கூரை இல்லாத வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பேய் இருக்கிறது என்று பயமுறுத்துவதைக் காதில் வாங்காதீர்கள், தெருக்கள் எவ்வளவு நேராகப் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

அங்கிருந்து சம். நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் அளவில். கூடார முகாமில் அதே கதை: பெயர் இருக்கிறது, பணம் வரவில்லை. மறுபடி பணம் கட்டினோம். ஜனவரிக் குளிரில் அம்மாவை வைத்துக்கொண்டு இரவில் எங்கே போவது? மாங்கணியார் பாட்டுக்காரர்கள் அருமை. ஆனால் பாட்டு முடிந்ததும் பக்கத்து முகாமின் டிஜே தொடங்கிவிடும், மணல்மேட்டில் ஜீப்புகள் உறுமிக்கொண்டே இருக்கும். அமைதி வேண்டும் என்பவர்கள் தெற்கே குரி கிராமத்துப் பக்கம் கேட்டுப் பாருங்கள், அங்கே கூட்டம் குறைவு என்றார் ஓட்டுநர். ஓட்டுநருக்கும் பாதிப் பணம்தான் வந்திருந்ததாம். மீதியை எங்களிடம் கேட்கவே கூச்சப்பட்டார். அதையும் கொடுத்தோம்.

இனி ஊருக்கு வந்த பிறகு நடந்த கூத்து. முதலில் "இந்தியா பார்ட்னர் ஏமாத்திட்டான் அக்கா, நானும் பாதிக்கப்பட்டவன்தான்." சரி, அந்தப் பார்ட்னருக்குப் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டு என்றேன். நாளைக்கு என்றான். நாளைக்கு வங்கி விடுமுறை. கடைக்கு நேரில் போனால் முன்மேசைப் பெண், பாஸ் ஜொகூர் போயிருக்கிறார் என்றாள். உள்ளறையில் அவன் இருமுவது எனக்குக் கேட்டது. அடுத்த முறை பிடித்தபோது சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "அக்கா, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், விரதத்துல இருக்கேன். இந்த நேரத்துல காசு பத்திப் பேசாதீங்க, மனசு கெட்டுடும்."

9,600 வெள்ளியை வாங்கும்போது கெடாத மனசு! பத்துமலை முருகனையே சாட்சிக்கு இழுக்கிறவனிடம் நான் என்ன பேசுவது?

தைப்பூசமும் முடிந்தது. பிறகு ஒரு மெசேஜ்: "நல்லெண்ண அடிப்படையில்" அடுத்த பயணத்துக்கு 500 வெள்ளி கழிவு தருகிறானாம். கேமரன்மலைக்கு. கடைசியாக, ரசீதைக் காட்டிக் கம்பெனியில் கேட்டபோது, பணம் கம்பெனிக் கணக்குக்கு வரவே இல்லை, அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தனிப்பட்ட விஷயம் என்று பதில் வந்தது. ரசீதில் முத்திரை யாருடையது என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால், என்ன காரணம் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்சியின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று சுற்றுலா, கலை, கலாசார அமைச்சிடம் கேளுங்கள், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் உரிமத்தை நம்பாதீர்கள். விடுதியின் பெயரை வாங்கிக் கிளம்புவதற்கு முன் நீங்களே அங்கே போன் செய்து, பணம் வந்ததா என்று கேளுங்கள், பெயர் பதிவில் இருக்கிறது என்பது போதாது. பணம் போன உடனே சந்தேகம் வந்தால், மலேசியாவில் மோசடிப் புகாருக்கான 997க்கு அடியுங்கள். தாமதமானால் அதில் பலன் குறைவு. போலீசில் ரிப்போர்ட் போடுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை.

நாங்கள் ரிப்போர்ட் போட்டாகிவிட்டது, மனுவும் தயார். இதைப் படிக்கும்போது, முட்டி வலி எந்தக் காலில் என்று கேட்டவனிடம் நீங்களும் பணம் கட்டிவிட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கிறீர்கள் என்று தோன்றினால், இன்றைக்கே ஜெய்சல்மேர் விடுதிக்குப் போன் செய்து பாருங்கள். ரசீது, வங்கிச் சீட்டு, மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தனியாக எழுதுங்கள், மனுக்களைச் சேர்ந்தே கொண்டுபோவோம்.