வார இறுதிக் கடலோட்டத்துக்கு ஒரு பழைய படகு: சென்டாரா, கான்டெஸாவா, ஷ்ரிம்பரா?

இங்கிலாந்தின் தென்கரையில், சோலன்ட் நீரிணைப் பக்கம், சனிக்கிழமை காலை பாய் விரித்து ஞாயிறு மாலை திரும்பி வர ஒரு பழைய பாய்மரப் படகு தேடுகிறவர்களுக்கு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: வெஸ்டர்லி சென்டார், கான்டெஸா 26, கார்னிஷ் ஷ்ரிம்பர் 19. மூன்றுமே நல்ல படகுகள். ஆனால் படகைப் பார்க்கப் போவதற்கு முன்பு அதை எங்கே கட்டி வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது. அதே கரையிலுள்ள சிச்செஸ்டர் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு மாறும். காலையில் ஏரி போல நிறைந்து கிடந்த இடம் மதியம் வெறும் சேறாகிவிடும். மரினா என்ற, எந்நேரமும் தண்ணீர் நிற்கும் படகு நிறுத்துமிடத்தில் படகின் நீளத்துக்கு ஏற்ப வாடகை. வருடா வருடம் கட்ட வேண்டும். வற்றிப்போகும் இடத்தில் மூரிங், அதாவது படகைக் கட்டிவைக்கும் இடம், எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் படகு சேற்றில் நிமிர்ந்து உட்கார வேண்டும். உட்காருமா, சாயுமா என்பதை படகின் அடியில் துடுப்புபோல் நீண்டிருக்கும் கனமான கீல் முடிவு செய்கிறது.

சென்டார் அதற்கென்றே பிறந்த படகு. லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டினார்கள். 26 அடி நீளம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீல், நீருக்குள் இறங்கும் ஆழம் வெறும் 90 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்தால் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும். உள்ளே அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கலாம், கோப்பை நகராது. கேபினில் பெரும்பாலானவர்கள் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆறு பேர் படுக்கலாம் என்று விற்றார்கள். நால்வர் என்றால் நிம்மதி. காற்றை எதிர்த்துப் போகும்போது ஒற்றைக் கீல் படகு அளவுக்கு இது முன்னேறாது, பக்கவாட்டில் கொஞ்சம் நழுவும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிந்ததை நான் பார்த்ததில்லை.

உண்மையான கவலை வேறு. அந்த இரண்டு கீல்களும் போல்ட் போட்டு மாட்டியவை. ஏற்றம் வரும்போது படகு ஒரேயடியாக மிதந்துவிடாது. அலை இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும், ஒவ்வொரு முறையும் கீலின் நுனி தரையில் இடித்து அந்த அதிர்ச்சி உடலும் கீலும் சேரும் இடத்தில் இறங்கும். மெத்தென்ற சேற்றில், காற்றுக்கு ஒதுங்கிய ஓடையில் கிடந்த சென்டாருக்கும், கெட்டி மணலில் இருபது வருடம் இடிபட்ட சென்டாருக்கும் நிறைய வித்தியாசம். அதனால் விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இதுவரை எங்கே கட்டியிருந்தீர்கள்? கிரேனில் தூக்கித் தொங்கும்போது கீலின் அடிப்பகுதியை கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மேலே உடல் வளைந்துகொடுத்தாலோ, சேருமிடத்தில் மயிரிழை விரிசலில் துருநீர் கசிந்தாலோ, உள்ளே தரைப்பலகையைத் தூக்கி போல்ட்களையும் அவற்றைச் சுற்றியிருக்கும் ஃபைபர் கிளாஸையும் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். உட்கூரையில் ஒட்டிய வினைல் தொங்கும், பின்னாலிருக்கும் ஃபோம் பழுப்புப் பொடியாக உதிரும். இது அந்தக் காலப் படகுகளில் சகஜம். அசிங்கமான வேலை, ஆனால் ஆபத்து இல்லை.

கான்டெஸா 26 வேறு ஜாதி. ஃபோக்போட் என்ற ஸ்காண்டிநேவியப் படகின் வம்சத்தில், டேவிட் சாட்லர் வரைந்து, 1966 முதல் ஜெரமி ராஜர்ஸ் லிமிங்டனில் கட்டியது. நீண்ட கீல், ஒடுங்கிய உடல், 1.2 மீட்டர் ஆழம். பாய் காற்றைப் பிடித்தால் கையில் சுக்கான் உயிரோடு இருக்கும். முரட்டுக் கடலிலும் தடம் மாறாது. டானியா ஏபி 18 வயதில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி 1987-இல் உலகைச் சுற்றி முடித்தது கனடாவில் கட்டிய ஒரு கான்டெஸா 26-இல்தான். (1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் சின்னப் படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகான அஸென்ட்டை இதோடு குழப்புவார்கள், அது கான்டெஸா 32.) ஆனால் உள்ளே நிமிர முடியாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் உட்கார யாராவது நகர வேண்டும். எதிர்காற்றில் மேல்தளம் நனைந்துகொண்டே இருக்கும். மரினாவில் பின்னால் எடுக்கும்போது நீண்ட கீல் சொன்ன பேச்சைக் கேட்காது. பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் துணைக்கட்டை மாட்டாமல் சேற்றில் விட்டால் சாய்ந்து படுத்துவிடும். அதனால் இதற்கு ஆழமான மூரிங் வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஷ்ரிம்பரைப் பார்த்ததும் பிடித்துப்போகும். ரோஜர் டாங்ரே வரைந்து 1979-இல் வந்தது. பழைய மீன்பிடிப் படகு சாயலில் கேஃப் எனப்படும் நாற்கோணப் பாய், பெரும்பாலும் செங்காவி நிறம். அடியில் ஏற்றி இறக்கும் நடுப்பலகையைத் தூக்கினால் அரை மீட்டர்கூட ஆழம் இல்லை. ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை. டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தலாம். மூரிங் பிரச்சினையே இல்லை. 2021 டிசம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம், காருக்கு அந்த சக்தி இருந்தால். பலகை இருக்கும் பெட்டிக்குள் கூழாங்கல் சிக்கிப் பலகை இறங்காமல் போவது வழக்கமான தொல்லை. இரவு தங்க இரண்டு பேருக்கு மேல் சரிவராது. சென்டார் சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கும்போது, பாதி உள்ளிடம் உள்ள இது பத்தாயிரத்தைத் தாண்டும். ஆனால் விற்கும்போது அந்தப் பணம் பெருமளவு திரும்பி வரும். சென்டாரில் போட்ட பணம் வராது.

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு சேற்று மூரிங்கில் ஒரு சென்டார். இரண்டு பேர், வீட்டில் இடமிருக்கிறது என்றால் ஷ்ரிம்பர். கான்டெஸாவை வாங்குகிறவர் போய்ச்சேரும் ஊரைவிட நடுக்கடலில் இருக்கும் நேரத்தை விரும்புகிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மற்ற இரண்டும் ஒத்துவராது.

எந்தப் படகானாலும் அதைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கைக்கு உட்பட்டே விலை பேசுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்லலாம். அப்புறம் என்ஜின். பழைய சென்டாரில் புது டீசல் என்ஜின் வைத்தால் செலவு படகின் விலையையே தாண்டிவிடும். அதனால் பார்க்க வரும் நாளில் என்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்; சூடான என்ஜின் கிளம்புவதில் உள்ள குறையை மறைத்துவிடும். போனதும் மூடியைத் திறந்து கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறவிட்டு இன்னொரு நாள் வந்து கிளப்பிப் பார்த்த பிறகே விலையைப் பேசுங்கள்.